கடைசிவரை கேட்டவருக்கே விடை

தரவுத்தளத்திடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கும் நிரலுக்கு எஸ்க்யூஎல் சர்வர் மூன்று வழிகளில் பதில் தரும். முதலாவது வரிசைகள், பத்தும் வரும், பத்து லட்சமும் வரும். இரண்டாவது, ரிட்டர்ன் ஸ்டேட்டஸ் எனப்படும் ஒற்றை முழு எண். மூன்றாவது அவுட்புட் பாராமீட்டர். புதிதாகப் பதிவான வாடிக்கையாளரின் எண், கணக்கில் மிஞ்சியிருக்கும் தொகை, வேலை முடியாமல் போனதற்கான காரணம் என ஓர் எண்ணுக்குள்ளோ ஒரு சொற்றொடருக்குள்ளோ அடங்கிவிடும் விடைகள் இந்த மூன்றாம் வழியாக வருகின்றன. பாடநூல்கள் முதல் வழிக்குப் பல அத்தியாயங்களை ஒதுக்கும். மூன்றாவதற்கு ஒரு பக்கம் கிடைத்தால் அதிகம். பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது மட்டும் எப்படியோ அந்த ஒரு பக்கத்துக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது.

பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை வைத்து அனுப்பிப் பழகியவர்களுக்கு இதன் இயல்பு எளிதில் பிடிபடும். கையெழுத்திடப் போகிறவர் பெறுநர். ஆனால் அட்டையை வாங்கி, தன் முகவரியை எழுதி, உறையோடு இணைக்க வேண்டியவர் அனுப்புநர். அட்டை இல்லாமலும் தபால் போய்ச் சேரும். கையெழுத்துத்தான் திரும்பி வராது. தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்துவைத்து, பெயர் சொல்லி அழைக்கப்படும் ஸ்டோர்டு புரொசீஜரும் அப்படியே. உள்ளே கணக்கு நடக்கும், அட்டவணைகள் திருத்தப்படும், விடையும் உருவாகும். அந்த விடை வெளியே வந்து சேர வேண்டுமென்றால், அழைக்கிறவர் அதற்கு முன்பே சில காரியங்களைச் செய்துவைத்திருக்க வேண்டும். இது வெளியே வரும் பாராமீட்டர் என்று திசை சொல்ல வேண்டும். என்ன வகைத் தரவு என்று சொல்ல வேண்டும். எழுத்துகளாக வருவதென்றால் எத்தனை எழுத்துக்கு இடம் என்றும் சொல்ல வேண்டும்.

திசை சொல்வதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. எஸ்க்யூஎல் சர்வரின் டி-எஸ்க்யூஎல் மொழியில் 'அவுட்புட்' என்ற சொல்லை இரண்டு இடங்களில் எழுத வேண்டும்: புரொசீஜரை வரையறுக்கும்போது ஒரு முறை, அதை அழைக்கும்போது ஒரு முறை. வரையறையில் இல்லாததை அழைப்பில் எழுதினால் சர்வர் உடனே பிழை சொல்லி நிறுத்திவிடும். வரையறையில் இருப்பதை அழைப்பில் விட்டுவிட்டால் எந்தச் சத்தமும் வராது. புரொசீஜர் முழுவதும் ஓடி முடியும். அழைத்தவரின் மாறி, அழைப்பதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். தராததைக் கேட்பது குற்றம். தருவதை வாங்காமல் போவது உரிமை. வாதத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. எல்லா அழைப்பாளருக்கும் எல்லா விடையும் தேவைப்படுவதில்லை. வேண்டாமென்று விட்டவர் யார், மறந்துபோய் விட்டவர் யார் என்று பிரித்தறியும் வழிதான் அந்த மொழிக்குள் இல்லை.

சி ஷார்ப்பில் எழுதும்போது இதே மறதி இன்னொரு வேடம் போடுகிறது. தரவுத்தளத்தோடு பேச அங்கே பயன்படும் ஏடிஓ டாட் நெட் நூலகத்தில் ஒரு பாராமீட்டரைச் சேர்த்தால், வேறு மாதிரி சொல்லாதவரை, அது உள்ளே போகிற பாராமீட்டர்தான். திசையும் சொல்லாமல் மதிப்பும் வைக்காமல் அனுப்பினால், புரொசீஜர் எதிர்பார்க்கும் பாராமீட்டர் தரப்படவில்லை என்று சர்வர் புகார் சொல்லும். புகார் உண்மையானதுதான்; முழு உண்மை அல்ல. 'தரப்படவில்லை' என்று படித்த அவசரக்காரர் ஒரு பூஜ்யத்தைத் தந்துவிடுகிறார். புகார் மறைந்துவிடுகிறது. திசை மாறாததால், உள்ளே போன பூஜ்யத்தின் மேல் புரொசீஜர் என்ன எழுதினாலும் அது வெளியே வராது. அழைத்தவர் கையில், அவரே வைத்த பூஜ்யம் அப்படியே இருக்கும். புரொசீஜரை எழுதியவர் பூஜ்யத்துக்கு 'வெற்றி' என்று பொருள் வைத்திருந்தால் (அப்படி வைப்பதுதான் இத்தொழிலின் நெடுநாள் வழக்கம்) அன்றிலிருந்து அந்த மென்பொருளில் தோல்வி என்பதே கிடையாது. இப்படி ஒரு மாற்றத்துக்குப் பிறகு பிழை எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்று மாதாந்திரக் கூட்டத்தில் பாராட்டு வாங்குவதும் நடக்கக்கூடியதே.

நீளத்தின் கதை சிறியது. எழுத்து வகை அவுட்புட்டுக்கு நீளம் சொல்லாமல் விட்டால் ஏடிஓ டாட் நெட் இயங்க மறுத்துவிடும், நல்ல குணம். ஆனால் புரொசீஜருக்குள்ளேயே பாராமீட்டரை 'வார்கார்' என்று மட்டும் எழுதி, அடைப்புக்குள் எண்ணைப் போட மறந்தால், எஸ்க்யூஎல் சர்வர் அதை ஓர் எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். அதில் நீளமான செய்தியை வைத்தால் மிச்சத்தை வெட்டிவிட்டுப் பேசாமல் போகும். உள்ளே ஆங்கிலத்தில் 'சக்சஸ்' என்று எழுதினாலும் 'சிஸ்டம் எரர்' என்று எழுதினாலும் வெளியே வருவது எஸ் என்ற ஒற்றை எழுத்துதான்.

இவையெல்லாம் கவனக்குறைவின் வகைகள். கவனம் இருந்தால் தப்பிக்கலாம். அடுத்தது அப்படியல்ல. அது விடை வந்து சேரும் வரிசையைப் பற்றியது, இதில் கவனமானவர்களும் சறுக்குகிறார்கள்.

எஸ்க்யூஎல் சர்வரும் நிரலும் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு டேபுலர் டேட்டா ஸ்ட்ரீம் என்று பெயர். 1980களில் சைபேஸ் நிறுவனம் உருவாக்கியது. மைக்ரோசாஃப்ட் அதைத் தன் வழியில் வளர்த்து இன்றும் வைத்திருக்கிறது. புரொசீஜர் ஓடத் தொடங்கியதும் அது எடுக்கும் வரிசைகள் ஒவ்வொன்றாகக் கம்பியில் இறங்கும். ஓர் அட்டவணை முடிந்தால் முடிந்தது என்ற குறி, பிறகு அடுத்த அட்டவணை. எல்லாம் தீர்ந்த பிறகு ரிட்டர்ன் ஸ்டேட்டஸ். அதற்கும் பிறகு அவுட்புட் பாராமீட்டர்களின் மதிப்புகள். ஆக, அழைத்தவர் ஆவலோடு எதிர்பார்க்கும் ஒற்றை எண், அவர் எதிர்பார்க்காத ஆயிரம் வரிசைகளுக்குப் பின்னால் நிற்கிறது.

இதில் சர்வரைக் குற்றம் சொல்ல இடமில்லை. புரொசீஜரின் கடைசி வரி வரைக்கும் அந்தப் பாராமீட்டரின் மதிப்பு மாறலாம். ஓடி முடிவதற்குள் அதை அனுப்பினால் அது விடையாக இருக்காது, ஊகமாக இருக்கும். வரிசைகளை முடியும்வரை தேக்கி வைக்கவும் முடியாது. பத்து லட்சம் வரிசைகளை நினைவகத்தில் அடுக்கிக்கொண்டு சர்வர் காத்திருக்க வேண்டியிருக்கும். முதலில் தயாரானது முதலில் போகிறது, கடைசியில் முடிவாவது கடைசியில் போகிறது. நேர்மையான ஏற்பாடுதான். அந்த நேர்மைக்கு ஈடாகக் கேட்பவரிடம் அது ஒன்றை எதிர்பார்க்கிறது: இறுதிவரை கேட்க வேண்டும்.

சைபேஸின் பழைய டிபி-லைப்ரரியில் எல்லா முடிவுகளையும் தீர்த்த பிறகே திரும்பும் மதிப்புகளைக் கேட்கலாம். பின்னால் விஷுவல் பேசிக் காலத்தில் ஏடிஓ வந்தது. வரிசைகளை ஏந்திவரும் ரெக்கார்ட்செட்டை மூடிய பிறகே அவுட்புட் பாராமீட்டரில் மதிப்பு தென்படும் என்பது அப்போதும் விதி. கர்சரைக் கிளையன்ட் பக்கம் வைத்தவர்களுக்கு மட்டும் அது உடனே தெரிந்தது, ஏனென்றால் வரிசைகள் எல்லாம் ஏற்கெனவே இழுத்துக்கொள்ளப்பட்டிருக்கும். பின்னாளில் யாராவது வேகத்துக்காக கர்சரை சர்வர் பக்கம் மாற்றினால், தொடாத வரியில் விடை காணாமல் போகும். ஏடிஓ டாட் நெட்டிலும் வரிசைகளைப் படிக்கும் டேட்டா ரீடரை மூடும்வரை பாராமீட்டர் வெறுமையாக இருக்கும். மூன்று தலைமுறை நூலகங்கள் மாறியும் விதி மாறவில்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கும் வழக்கமும் மாறவில்லை.

இன்னும் கவலைக்குரியது, பிழையும் இதே வரிசையில்தான் வருகிறது என்பது. புரொசீஜர் ஓர் அட்டவணையை அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு உள்ளே தவறிப்போய்ப் பிழையை எழுப்பினால், அந்தப் பிழையும் முதல் அட்டவணைக்குப் பின்னால்தான் கம்பியில் நிற்கும். முதல் அட்டவணையைப் படித்ததும் திருப்தியடைந்து, அடுத்தது உண்டா என்று கேட்காமல் எழுந்துபோகிற நிரலுக்கு, நடந்தது தெரியாமலே போகக்கூடும். அது பார்த்த தரவு சரி. அது கிளம்பிய பிறகு நடந்ததுதான் சரியில்லை.

மைக்ரோசாஃப்டின் ஆவணம் இந்த இடத்தில் ஓர் ஆலோசனையும் தருகிறது. ரீடரை மூடும்போது அவுட்புட் மதிப்புகளை நிரப்புவதற்காக மீதி ஓட்டம் முழுவதும் படிக்கப்படுவதால், பெரிய வினவல்களில் மூடுவதற்கு நேரம் பிடிக்கலாம். அந்த மதிப்புகள் முக்கியமில்லையென்றால் மூடுவதற்கு முன் கேன்சலை அழைத்து நேரத்தை மிச்சப்படுத்தலாம். ஆலோசனை சரியானது, நிபந்தனையோடும்தான் சொல்லப்பட்டிருக்கிறது. நிரல் ஒரு திட்டத்திலிருந்து இன்னொரு திட்டத்துக்கு நகலெடுக்கப்படும்போது கேன்சல் கூடவே போகிறது. நிபந்தனை ஆவணத்திலேயே தங்கிவிடுகிறது.

இனி, வராத விடைக்கும் 'தெரியாது' என்று வந்த விடைக்கும் உள்ள வேறுபாடு. இதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும். நிக்லாஸ் விர்த்தும் டோனி ஹோரும் 1966இல் முன்வைத்த மொழி பின்னர் அல்கால் டபிள்யூ என்று அறியப்பட்டது. அழைத்தவருக்கு மதிப்பைத் திருப்பித் தருவதற்கென்றே 'ரிசல்ட்' என்ற வகைப் பாராமீட்டர் அதில் இருந்தது. ஹோர் 2009இல் லண்டனில் பேசும்போது, தன் பில்லியன் டாலர் தவறு என்று ஒன்றை ஒப்புக்கொண்டார்: 1965இல் அதே மொழியை வடிவமைக்கையில் நல் ரெஃபரன்ஸைச் சேர்த்தது. வெளியே வரும் பாராமீட்டரும், ஒன்றும் இல்லை என்பதைக் குறிக்கும் அடையாளமும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை. தரவுத்தளத்தின் நல் வேறு பரம்பரை. மதிப்பு இன்னதென்று தெரியவில்லை என்பதைக் குறிக்க எட்கர் காட் தன் உறவுமுறை மாதிரிக்குள் கொண்டுவந்தது அது. ஒன்று 'இங்கே எதுவும் இல்லை' என்கிறது, மற்றது 'இருக்கலாம், தெரியாது' என்கிறது. இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கும் இடங்களில் ஒன்று அவுட்புட் பாராமீட்டர்.

டாட் நெட் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தது. மதிப்பு இன்னும் வந்து சேராத பாராமீட்டரில் இருப்பது வெறும் நல். தரவுத்தளம் நல் என்று விடை அனுப்பினால் அங்கே அமர்வது டிபிநல். இப்போது கன்வர்ட் என்ற வகுப்பைக் கொண்டு இவற்றை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் நடப்பதைக் கவனியுங்கள். டிபிநல்லை மாற்றச் சொன்னால் அது முடியாது என்று விதிவிலக்கை எறிகிறது. வெறும் நல்லை மாற்றச் சொன்னால் பூஜ்யம் தருகிறது. தரவுத்தளம் யோசித்து, தெரியாது என்று நாணயமாகச் சொன்னால் நிரல் அலறி விழுகிறது. ரீடரை மூடாமல் அவசரப்பட்டு எட்டிப் பார்த்து, விடையே வராத நிலையில் கேட்டால் அமைதியாகப் பூஜ்யம் கிடைக்கிறது. பூஜ்யத்தின் பொருளை மேலேயே பார்த்தோம்.

ஜாவாவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. ஜேடிபிசியில் எந்த இடத்தில் எந்த வகை விடை வரும் என்பதை இயக்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும்; அந்தக் கண்டிப்பு பாராட்டத்தக்கது. ஆனால் நல்லாக வந்த விடையை முழு எண்ணாகக் கேட்டால் அதுவும் பூஜ்யமே தரும். அந்தப் பூஜ்யம் மெய்யானதா என்று அறிய, உடனே அடுத்த வரியில் 'கடைசியாகப் படித்தது நல்லா?' என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்டவர்களுக்கு உண்மை சொல்லப்படும். மறுபடி எஸ்க்யூஎல் சர்வருக்கு வந்தால், டி-எஸ்க்யூஎல் புரொசீஜர் ரிட்டர்னில் நல்லைத் திருப்ப முயன்றால், அது அனுமதிக்கப்படாது, பதிலாகப் பூஜ்யம் தரப்படும் என்று ஓர் எச்சரிக்கையோடு சர்வரே பூஜ்யமாக்கிவிடும். வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நிறுவனங்களில், ஒருவரையொருவர் அறியாத பொறியாளர்கள் செய்த முடிவுகள் இவை. எல்லாம் ஒரே எண்ணில் வந்து நின்றன என்பதில் சதி எதுவும் இல்லை, வசதி இருந்தது.

ஆரக்கிள் ஓரிடத்தில் கடுமையாக இருக்கிறது. அதன் பிஎல்/எஸ்க்யூஎல், ஏடா மொழியை அடியொற்றியது. இன், அவுட், இன் அவுட் என்ற பாகுபாடும் ஏடாவில் உள்ளதே. புரொசீஜர் உள்ளே கையாளப்படாத பிழையோடு வெளியேறினால், அவுட் பாராமீட்டரில் அதுவரை எழுதியது அழைத்தவரிடம் நகலெடுக்கப்படாது. பாதி விடை விடையல்ல என்பது அதன் நிலை. பெரிய தரவை நகலெடுக்கும் நேரத்தை மிச்சப்படுத்த 'நோகாப்பி' என்று எழுதலாம்; அப்போது அந்தக் காப்பு நிச்சயமில்லை. அது கட்டளையும் அல்ல, குறிப்பு மட்டுமே. ஆரக்கிள் அதை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம்.

இந்தக் கடுமையைச் சுற்றிப்போகும் வழியை நிறுவனங்களே கண்டுபிடித்தன. பெரிய அமைப்புகளில் தரவுத்தளக் குழு ஒன்று, செயலிக் குழு வேறொன்று. இரண்டுக்கும் இடையே ஒப்பந்தமாக ஒவ்வொரு புரொசீஜரின் வாலிலும் இரண்டு அவுட் பாராமீட்டர்கள் ஒட்டப்பட்டன: பிழை எண் ஒன்று, பிழைச் செய்தி ஒன்று. உள்ளே எந்த விதிவிலக்கு வந்தாலும் கடைசியில் உள்ள 'வென் அதர்ஸ்' பகுதி அதைப் பிடித்து, அந்த இரண்டில் எழுதிவிட்டு, ஒழுங்காக முடிந்ததுபோல் வெளியேறும். காரணமும் நியாயமானதாகவே சொல்லப்பட்டது: பயனருக்குக் கோரமான பிழைத்திரை தெரியக்கூடாது.

விதிவிலக்கு என்பது கூச்சல். கேட்க விரும்பாதவரையும் அது தடுத்து நிறுத்தும். அவுட் பாராமீட்டரில் எழுதிய பிழை எண்ணோ, யாராவது வந்து பார்க்கும்வரை பேசாமல் கிடக்கும். நிறுத்தும் பொறுப்பு இவ்வாறு கூச்சலிலிருந்து, அதைக் கேட்க வேண்டியவரின் நினைவாற்றலுக்கு மாற்றப்பட்டது. அவர் மறந்தால் நிரல் அடுத்த வரிக்குப் போகும். அந்த அடுத்த வரி பல நேரங்களில் கமிட். பாதி மாறிய தரவு அப்படியே நிலைத்துவிடும். 'ஆஸ்க் டாம்' வழியே பல ஆண்டுகள் ஆரக்கிள் பயனர்களுக்குப் பதில் எழுதிய தாமஸ் கைட், இந்த வென் அதர்ஸை மொழியிலிருந்தே நீக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னவர். ஆரக்கிள் நீக்கவில்லை. 11ஜி பதிப்பில், பிழையை மறுபடி எழுப்பாமல் விழுங்கும் வென் அதர்ஸைச் சுட்டிக்காட்ட 06009 என்ற எண்ணில் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது. பிஎல்/எஸ்க்யூஎல் எச்சரிக்கைகள் இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். யாருக்கு வேண்டுமோ அவர் இயக்கிக்கொள்ளலாம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். மைஎஸ்க்யூஎல்லில் விடை பெரும்பாலும் ஓர் அமர்வு மாறியில் வைக்கப்பட்டு, தனி வினவலால் எடுக்கப்படுகிறது. கனெக்‌ஷன் பூலிலிருந்து வந்த இணைப்பென்றால், முன்பு அதைப் பயன்படுத்தியவரின் மதிப்பு அதே மாறியில் மிச்சமிருக்க வாய்ப்புண்டு. பைத்தானின் தரவுத்தள இடைமுகத்துக்கான பெப் 249, கால்ப்ராக் என்ற முறை பாராமீட்டர்களின் திருத்திய நகல் ஒன்றைத் திருப்பித் தரும் என்கிறது. தான் கொடுத்த பட்டியலையே திரும்பப் பார்த்து, ஒன்றும் மாறவில்லையே என்று நிற்பவர்கள் உண்டு. பைஓடிபிசியில் அந்த வசதியே இல்லை. மாறியை அறிவித்து, புரொசீஜரை அழைத்து, மாறியை ஒரு வரிசையாகத் தேர்ந்தெடுத்துப் படிக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் இதில் நிதானமாக வந்தது. புரொசீஜர் என்பதே 2018இல், 11ஆம் பதிப்பில்தான். அவற்றுக்கு அவுட் பாராமீட்டர் 2021இல், 14ஆம் பதிப்பில். கால் என்று அழைத்தால் விடைகள் ஒரு வரிசையாக முன்னால் வந்து நிற்கின்றன, மூன்றாம் வழி முதல் வழியோடு சேர்ந்துவிடுகிறது. எனக்கு இருப்பவற்றில் இதுவே நல்லதாகப் படுகிறது. தாமதமாக வந்ததில் சில நன்மைகள் இருக்கத்தான் செய்கின்றன.

பிறர் எழுதிய நிரலைச் சரிபார்க்கக் கொடுத்தால், அவுட்புட் என்று அறிவிக்கப்பட்ட பாராமீட்டர்களைத் தேடிப் பட்டியலிட்டுவிட்டு, ஒவ்வொன்றும் எந்த வரியில் படிக்கப்படுகிறது என்று பார்ப்பது என் வழக்கம். திசை சரியாக இருக்கும். வகை சரி, நீளம் சரி, ரீடரும் உரிய இடத்தில் மூடப்பட்டிருக்கும். பட்டியலின் வலப்பக்கம் மட்டும் பல வரிகளுக்குக் காலியாக இருக்கும்: பிழைச் செய்தி வந்து சேர்கிறது, அதைப் படிக்கும் வரி எங்கும் இல்லை. பயன்படுத்தாத உள்மாறிக்கு சி ஷார்ப் கம்பைலர் எச்சரிக்கை தரும். படிக்காத அவுட்புட் பாராமீட்டர் அதன் கண்ணில் படாது. சோதனைகளும் தேறிவிடும், சோதனைத் தரவுத்தளத்தில் எதுவும் தோற்பதில்லை. எழுதியவரைக் கேட்டால், அந்தப் பாராமீட்டர்கள் புரொசீஜரில் இருந்ததால் சேர்த்தேன் என்பார். புரொசீஜரை எழுதியவரைக் கேட்டால், செயலிக்குத் தேவைப்படும் என்று வைத்தேன் என்பார். அடுத்த முறை ஏதாவது காணாமல் போனால், விசாரித்து முடிக்கும் குழு தன் பரிந்துரையில் இன்னும் விரிவான ஒரு பிழைச் செய்தியைக் கேட்கும். புரொசீஜரின் வாலில் புதிதாக ஓர் அவுட்புட் பாராமீட்டர் சேரும். அதைச் சேர்ப்பதற்கான நேரம் திட்ட அட்டவணையில் இருக்கும்.